பன்னிரண்டு நாளில் பழுத்த விஸ்கி

பூவரசங்குளத்தில் யாருக்காவது விஸ்கியைப் பற்றி ஒரு சந்தேகம் வந்தால் வீரபாகுவிடம்தான் கேட்க வேண்டும் என்று ஒரு பேச்சு இருந்தது. இருபது வருசமாக அப்படி ஒரு சந்தேகம் யாருக்கும் வரவில்லை. அதனால் அந்தப் பேச்சுக்கும் ஒரு பழுதும் வரவில்லை.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில், அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து மனைவி அமராவதியோடு லொறியேறி வந்தவர் வீரபாகு. காடு வெட்டினார், கச்சான் கடலை போட்டார், மிளகாய் போட்டார், இரண்டு பெண்பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தார். ஊருக்கு வந்த புதிதில் யாரோ மலைநாட்டுக் குளிரைப் பற்றிக் கேட்கப்போக, அந்தக் குளிருக்குத் துரைமார் என்ன செய்வார்கள் என்று சொல்லத் தொடங்கினார். அன்றைக்குத் தொடங்கியது இன்னும் நிற்கவில்லை.

“பெரிய தொரை பின்னேரமானா கணப்புக்கு முன்னால கதிரையப் போட்டுக் குந்திருவாரு. ‘வீரபாகு!’ அப்படின்னு ஒரு சத்தம். நான் போத்தலை எடுத்துக்கிட்டுப் போவேன். ரெண்டு விரல் அளவுதான் ஊத்தணும். கூடினாலும் ஏச்சு, கொறைஞ்சாலும் ஏச்சு. ஊத்தினதும் குடிச்சிட மாட்டாரு. வெளிச்சத்துல புடிச்சுப் பார்ப்பாரு, ஆட்டிப் பார்ப்பாரு, மூக்கைக் கொண்டுபோய் உள்ள விடுவாரு...”

கேட்பவர்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். கதையில் ஒரேயொரு குறைதான் இருந்தது. வீரபாகு அந்தப் பங்களாவின் பின்படியைத் தாண்டி ஒரு நாளும் உள்ளே போனதில்லை. அவருடைய வேலை விறகு கொத்தி, அடுக்கி வைத்துவிட்டு வருவது. உள்ளே குசினியில் சமைத்தும் கழுவியும் வேலை செய்தவள் அமராவதி. கல்யாணமான புதிதில் அவள் அவருக்குச் சொன்ன கதைகளில், ‘நான்’ என்று அவள் சொன்ன இடத்தில் அவர் தன்னை வைத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

முதல்முறை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அதைக் கேட்டபோது அமராவதிக்குச் சிரிப்புத்தான் வந்தது. தன்னுடைய பழைய சேலையைக் கிழித்து மனுசன் தலைப்பாகை கட்டிக்கொண்டு திரிவதுபோல் இருந்தது அவளுக்கு. திரியட்டும் என்று விட்டுவிட்டாள். சில நாட்களில், “நேத்துச் சொன்னதுல தொரசாணிய மறந்துட்டீங்க” என்று எடுத்துக் கொடுப்பதும் உண்டு.

தொண்ணூற்றெட்டில்தான் ஊருக்கு லோர்ட் கில்பெரி வந்து சேர்ந்தார்.

வவுனியா டவுனிலிருந்து மஞ்சள் நிற வான் ஒன்றில், லவுட்ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு வந்தார். ஆளாக இல்லை, படமாக. நரைத்த மீசை, ஒற்றைக் கண்ணுக்கு ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு கோட்டை. வானில் இருந்து இறங்கிய பொடியனுக்குக் கழுத்தில் ரை, பெயர் நிறோஜன். முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக்கிற குடும்பம், இடம்பெயர்ந்து வவுனியாவுக்கு வந்து, கடல் இல்லாத ஊரில் கிடைத்த வேலையைப் பிடித்துக்கொண்டவன். வழியிலிருந்த சோதனைச் சாவடியில் ஆமிக்காரருக்கு இரண்டு கலண்டரைக் கொடுத்துவிட்டு வந்ததால் வானைக் கிண்டிக் கிளறாமல் விட்டிருந்தார்கள்.

“பன்னிரண்டு வருசம் பொறுத்திருந்தது அந்தக் காலம்!” என்று லவுட்ஸ்பீக்கர் கத்தியது. “பன்னிரண்டு வருசத்தின் பழுப்பு, பன்னிரண்டே நாளில்! லோர்ட் கில்பெரி விஸ்கி!”

சனத்துக்குத் தொப்பி கொடுத்தான், கலண்டர் கொடுத்தான், சாவிக்கொத்து கொடுத்தான். ஒரு கிழமைக்குள் மிளகாய்த் தோட்டத்தில் புல்லுப் பிடுங்கியவர்கள் எல்லாருடைய தலையிலும் லோர்ட் இருந்தார். கச்சான் தோட்டத்து வெருளிப் பொம்மைக்குக்கூட ஒரு தொப்பி கிடைத்தது. ஊரில் இராசேஸ்வரி என்பவள் தன் வீட்டில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் கலண்டரைத் தொங்கவிட்டு, பார்த்தால் பெரிய மனுசனாகத் தெரிகிறார் என்று நெற்றியில் ஒரு சந்தனப் பொட்டும் வைத்துவிட்டாள்.

தொப்பியை வாங்கினார்களே தவிர, போத்தலை யாரும் வாங்கவில்லை. அந்த விலைக்கு ஒரு மாதத்துக்குச் சாராயம் குடிக்கலாம் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வாங்கக்கூடிய நிலையில் இருந்தவர் ஒருவர்தான். செங்கல் சூளையும் உழவு இயந்திரமும் வைத்திருந்த மூக்கன். அவருக்குத் தேவையும் இருந்தது. மகன் சதீசுக்கு ஓமந்தைப் பக்கத்தில் பெண் எடுத்திருந்தார். பெண்ணின் தாய்மாமன் கந்தவனம் என்பவர் கப்பலில் வேலை செய்து, உலகத்துத் துறைமுகம் எல்லாம் பார்த்தவர். கலியாண வீட்டில் அவருக்கு முன்னால் என்ன போத்தலை வைப்பது என்பது மூக்கனுக்கு மகனுடைய தாலியைவிடப் பெரிய கவலையாக இருந்தது.

நிறோஜனைச் சூளைக் கொட்டிலுக்குக் கூப்பிட்டு, அந்தப் பன்னிரண்டு நாள் கணக்கு என்னவென்று விசாரித்தார். வீரபாகுவும் பக்கத்தில் இருந்தார்.

“முந்தியெல்லாம் சாராயத்தை மரப் பீப்பாவுக்குள்ள போட்டு வருசக் கணக்கா வைப்பினம் ஐயா” என்றான் நிறோஜன். “மரத்தின்ர சாறு இறங்கித்தான் நிறமும் மணமும் வரும். இவை என்ன செய்யினம் எண்டால், மரத்தைச் சின்னச் சின்னத் துண்டா வெட்டி, வறுத்து, சாராயத்துக்குள்ள போடுறது. பிறகு மெசினில சூடாக்கிக் குலுக்குறது. அவ்வளவுதான். விஞ்ஞானம்.”

“அப்ப முந்தி சாராயம் மரத்துக்குள்ள. இப்ப மரம் சாராயத்துக்குள்ள” என்றார் மூக்கன்.

“அதேதான் ஐயா.”

மூக்கனுக்கு அது சரியாகவும் பட்டது, பிழையாகவும் பட்டது. திரும்பி வீரபாகுவைப் பார்த்தார்.

“ஞாயிற்றுக்கிழமை ஒரு போத்தல் உடைப்பம். வீரபாகு குடிச்சுப் பார்த்துச் சொல்லட்டும். துரைக்கு ஊத்திக் குடுத்த ஆள், அவருக்குத் தெரியாததோ? சரியெண்டு சொன்னால் ரெண்டு பெட்டி எடுக்கிறன். இல்லையெண்டால் தம்பி, உங்கட லோர்ட்டை நீங்களே கூட்டிக்கொண்டு போகலாம்.”

வீரபாகு கம்பீரமாகத் தலையை ஆட்டினார். அவர் வாழ்க்கையில் கள்ளு குடித்திருக்கிறார், சாராயம் குடித்திருக்கிறார். விஸ்கி என்ற சாமானை நாக்கால் தொட்டது கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் நேரே அடுப்படிக்குப் போய்க் குந்தினார். வெளியில் ஊரோடு சேர்ந்து ‘ஆமா’வுக்கு ‘ஓம்’ போட்டாலும், மற்றபடி அவர்களுக்கு இன்னும் மலைநாட்டுப் பேச்சுத்தான்.

“அந்த விஸ்கி குடிச்சா எப்படி இருக்கும்?”

அமராவதி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். “என்னையவா கேக்குறீங்க? நீங்கதான தொரைக்கு ரெண்டு விரல் ஊத்துனவரு.”

“வெளையாடாத.”

“எந்த ரெண்டு விரலுன்னு நானும் கேக்கணும்னு இருந்தேன்.”

அவர் விசயத்தைச் சொன்னார். அவள் சிரித்த சிரிப்பில் வெங்காயக் கண்ணீரும் சிரிப்புக் கண்ணீரும் ஒன்றாக வழிந்தன. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் இரக்கப்பட்டாள்.

“ஒரு மழையில காய்ச்சலும் குளிருமா கெடந்தேன். தொரசாணி ஒரு கரண்டி விஸ்கிய சுடுதண்ணியில கலந்து குடுத்தா. சாராயம் மாதிரி நெஞ்ச அறுக்கல. மெதுவா எறங்கிச்சு. சூடு வவுத்துக்குப் போயி அங்கேயே ஒக்காந்துக்கிச்சு.”

“வாசம்?”

“குடிக்கையில பெரிசா தெரியல. மறுநா காலையில கிளாசு கழுவ எடுப்பேன்ல, அப்பதான் தெரியும். வேற சரக்குன்னா காஞ்ச கிளாசுல புளிச்ச நாத்தம் அடிக்கும். நல்ல விஸ்கி ஊத்துன கிளாச மட்டும் கழுவ மனசே வராது. அப்படி ஒரு வாசம்.”

வீரபாகு துள்ளி எழும்பினார். காய்ந்த கிளாஸ்! இது போதும். சட்டையைப் போட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை எப்படி நிற்பது, எப்படி முகர்வது என்று யோசித்தபடி தோட்டத்துப் பக்கம் நடந்துவிட்டார். அது என்ன வாசம் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சூளைக் கொட்டிலில் ஊரே கூடியிருந்தது. பாதிப் பேர் லோர்ட்டின் தொப்பியோடு வந்திருந்தார்கள். மூக்கனின் மனைவி இரஞ்சிதம் வந்தவர்களுக்கெல்லாம் மத்தியானச் சாப்பாடு வைத்திருந்தாள். அமராவதி சமையலுக்குக் கைகொடுக்க வந்திருந்தாள். நிறோஜன் ஒரு பலகையில் கிளாஸ்களை வரிசையாக வைத்து, போத்தலை ஒரு பிள்ளையைத் தூக்குவதுபோல் பெட்டியிலிருந்து தூக்கினான்.

வீரபாகு எழுந்தார். கிளாஸை வெயிலுக்குப் பிடித்தார். ஆட்டினார். மூக்கை உள்ளே விட்டார். இருபது வருசமாக வாயால் செய்ததைக் கையால் செய்வது இதுதான் முதல்முறை. ஆனாலும் நன்றாகவே வந்தது. பிறகு ஒரு வாய் குடித்தார்.

நெருப்பு. கண் பிதுங்கியது. இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது.

“தொரையும்...” என்றார் மூச்சு வந்ததும், “தொரையும் மொத வாய்க்கு இருமுவாரு. அதுதான் மொறை.”

அந்த ஒரு சொல்லோடு, அடுத்துக் குடித்த எல்லாரும் ஆளாளுக்கு இருமினார்கள். நிறோஜன் கையிலிருந்த துண்டுப்பிரசுரத்தைப் பார்த்து, “தேன், உலர்ந்த முந்திரிகைப் பழம், ஓக் மரம்” என்று வாசித்துக் காட்டினான். ஒருவருக்கு வறுத்த கச்சான் மணத்தது. இன்னொருவருக்கு மண்ணெண்ணெய். மூக்கனின் உழவு இயந்திரம் ஓட்டுகிற பிரதீபன், கண்ணை மூடிக்கொண்டு நிறைய நேரம் யோசித்துவிட்டு, “என்ர மாமி வீட்டு அலுமாரியைத் திறந்தால் இப்பிடித்தான் மணக்கும்” என்றான்.

“வீரபாகு, நீர் சொல்லும்” என்றார் மூக்கன்.

வீரபாகு கையை உயர்த்தினார். “அவசரப்படக் கூடாது. நாக்கை நம்பி விஸ்கி வாங்குறவன் ஏமாந்து போவான். கிளாஸைக் காய விடணும். காய்ஞ்ச கிளாஸை மணந்து பார்த்துத்தான் தொரையே முடிவு சொல்லுவாரு. சாப்பிட்டுட்டு வருவோம்.”

இப்படி ஒரு முறை இருப்பது நிறோஜனுக்கே தெரியாது. அவன் ரையைத் தளர்த்திக்கொண்டு மரியாதையாக அவரைப் பார்த்தான். எல்லாரும் சாப்பிடப் போனார்கள்.

திரும்பி வந்தபோது கிளாஸ்கள் பலகையில் கவிழ்த்து வைத்தபடி, வெயிலில் பளபளவென்று காய்ந்திருந்தன. கவிழ்த்தது யார் என்று வீரபாகு யோசித்திருக்க வேண்டும். சோறும் ஆட்டிறைச்சிக் கறியும் விஸ்கியும் உள்ளே இருந்த மிதப்பில் அது அவருக்கு ஓடவில்லை. ஒரு கிளாஸை எடுத்தார். மூக்கருகில் கொண்டுபோனார். முகம் மலர்ந்தது.

“ஆ! இதுதான். இந்த வாசந்தான்! தேசிக்காய் வாசம், எலுமிச்சம்பழ வாசம்! பழைய சரக்குக்கு மட்டுந்தான் இது வரும். தொரை வீட்டுக் கிளாஸுலயும் அச்சு அசலா இதே வாசம். மூக்கண்ணே, யோசிக்காம ரெண்டு பெட்டி எடுங்க!”

நிறோஜன் சந்தோசத்தில் அடுத்த பெட்டியை வானிலிருந்து இறக்கத் திரும்பினான். அப்போது, வாசலில் சோற்றுக் கிண்ணத்தோடு நின்ற இரஞ்சிதம் வெள்ளந்தியாகச் சொன்னாள்:

“தேசிக்காய் மணக்காமல் என்ன செய்யும்? ஊத்தைக் கிளாசா கிடக்குதெண்டு நான்தானே சாம்பலும் தேசிக்காய்த் தோலும் போட்டுத் தேய்ச்சுக் கழுவினனான்!”

வெடித்த சிரிப்பில் சூளையின் மேலிருந்த காகம் எல்லாம் பறந்தது. பிரதீபன் தரையில் குந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டான். மூக்கன் சிரிக்கவும் முடியாமல் சிரிக்காமல் இருக்கவும் முடியாமல் தோளில் கிடந்த துவாயால் வாயை மூடினார். வீரபாகு கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதைக் கீழே வைப்பதா, மறுபடி மணப்பதா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. காது இரண்டும் சுட்டது. இந்த ஊரில் அவரிடம் இருந்ததெல்லாம் கொஞ்சக் காணியும் அந்தத் துரையும்தான். துரை இப்போது எல்லார் கண் முன்னாலும் செத்துப்போனார்.

அமராவதி குசினியிலிருந்து வந்தாள். கையில் ஒரு கரண்டியும் சுடுதண்ணிச் செம்பும் இருந்தன. ஆண்களுக்கு நடுவே நேராக வந்து, நிறோஜனிடம் கையை நீட்டினாள்.

“தம்பி, அந்தப் போத்தலக் குடுங்க.”

நிறோஜன் மூக்கனைப் பார்த்தான். மூக்கன் தலையை ஆட்டினார். அவன் கொடுத்தான்.

“எங்க வீட்டுக்காரருக்கு நேத்துலருந்து மூக்கடைப்பு” என்றாள் அமராவதி சனத்தைப் பார்த்து. “சொன்னா கேக்கல, வந்துட்டாரு. தொரைக்கு ஊத்திக் குடுத்தது அவருதான். கிளாசு கழுவினது நானு. கிளாசுல மிஞ்சினதைக் குடிச்சதும் நானு.”

மறுபடி சிரிப்பு. ஆனால் இந்தச் சிரிப்பு வீரபாகுவின் மேல் விழவில்லை. அவரைத் தாண்டிப் போனது. அவர் மெதுவாகக் கிளாஸைப் பலகையில் வைத்தார்.

அமராவதி ஒரு கரண்டி விஸ்கியைச் சுடுதண்ணியில் விட்டு, கண்ணை மூடாமல், இருமாமல் குடித்தாள். நாக்கைக் கொஞ்சம் சப்பினாள்.

“குடிக்கக் கூடாத சாமான் இல்ல. ஒடம்புக்கு ஒண்ணும் செய்யாது. மேல மரவாசம் நல்லாத்தான் அடிக்குது, புதுக் கதவுக்கு வார்னிஸ் அடிச்ச மாதிரி. கதவத் தொறந்து உள்ள போனா வீடு இல்ல. புகை போட்டுப் பழுக்க வச்ச வாழப்பழம் பாத்திருப்பீங்கல்ல? தோலு மஞ்சளா இருக்கும். உரிச்சா உள்ள காய். அதுதான் இது.”

“அப்ப வாங்குறதோ விடுறதோ?” என்றார் மூக்கன்.

“வெலையில முக்காவாசி தொப்பிக்கும் கலண்டருக்கும் இந்த மீசைக்கும்தான். நீங்க எல்லாரும் போட்டிருக்கிற தொப்பிக்கு மூக்கண்ணன் ஒரு ஆளு ஏன் வெல குடுக்கணும்? சம்பந்தி வீட்டாளுங்க கண்ணுக்கு முன்னால வைக்க ஒரு போத்தல் வாங்குங்க. குடிக்கிறதுக்குச் சாராயம் வாங்குங்க.”

நிறோஜன் கோபப்படுவான் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவன் ரையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

“அக்கா சொன்னது சரியோ பிழையோ எண்டு எனக்குத் தெரியாது” என்றான். “நான் இதை ஒரு நாளும் குடிச்சுப் பார்த்ததில்லை. குடிக்கிறேல்லை எண்டு அம்மா மாதா கோயில்ல வைச்சு என்னட்டச் சத்தியம் வாங்கினவா. தேன், முந்திரிகை எல்லாம் பேப்பரில கிடக்கிறது.”

“அப்ப விக்கிறவனுக்கும் தெரியாது, வாங்குறவனுக்கும் தெரியாது” என்று பிரதீபன் சொல்ல, மூக்கன் அவனை முறைத்துவிட்டு ஒரேயொரு போத்தலுக்கு மட்டும் காசைக் கொடுத்தார். விற்கப்போன இரண்டு பெட்டியும் கைநழுவிப் போனாலும், நிறோஜனுக்கு இரஞ்சிதம் வாழையிலையில் சோறு கட்டிக் கொடுத்தாள்.

வீடு திரும்பும் வழியில் குளக்கட்டுக்கு வந்ததும் வீரபாகு, “மூக்கடைப்புன்னு எப்படி ஒனக்குத் தோணிச்சு?” என்று கேட்டார்.

“பின்ன, பொய் சொல்ல நீங்க மட்டுந்தான் படிச்சிருக்கீங்களா?”

கலியாணம் ஆவணியில் நடந்தது. கந்தவனம் வந்தார். தங்கப்பல், வெள்ளைச் சப்பாத்து, பேச்சுக்குப் பேச்சு ஒரு துறைமுகம். லோர்ட் கில்பெரியைப் பெட்டியோடு அவர் முன்னால் வைத்தார்கள். அவர் லேபிளை வாசித்துவிட்டு ஒரு கிளாஸ் குடித்தார், “பரவாயில்லை” என்றார். இரண்டாவது குடித்தார். சாப்பாடு முடிவதற்குள் கூட்டாளிகளோடு சேர்ந்து போத்தலைக் காலியாக்கிவிட்டு, இன்னொன்று கொண்டுவரச் சொல்லிவிட்டார்.

மூக்கனுக்கு வேர்த்தது. இரஞ்சிதம் ஓடிப்போய் அமராவதியைப் பிடித்தாள். இரண்டு பெண்களும் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். காலிப் போத்தலுக்குள் சாராயத்தை ஊற்றி, நிறத்துக்குக் கருக்கிய சீனி கொஞ்சம் விட்டு, அமராவதி இரண்டு ஏலக்காயைத் தட்டிப் போட்டாள். இரஞ்சிதம் மூடியைத் திருகி, சேலையால் துடைத்து, “இது எத்தனை நாளில பழுத்ததக்கா?” என்று கேட்டாள். “கதவச் சாத்துன நேரத்துக்குள்ள” என்றாள் அமராவதி.

கொண்டுபோய் வைத்தது வீரபாகு. இரண்டு விரல் அளவு ஊற்றினார். கந்தவனம் ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். கிளாஸைப் பார்த்தார்.

“இஞ்ச பாருங்கோ” என்றார் கந்தவனம் பக்கத்திலிருந்தவர்களிடம். “ஒரே கொம்பனி, ஒரே லேபிள். ஆனால் பீப்பாவுக்குப் பீப்பா வித்தியாசம். முதல் போத்தல் சும்மா தண்ணி. இது நல்லாப் பழுத்த சரக்கு. நான் ரொட்டர்டாமில குடிச்சதும் இதுதான்.”

கலியாணத்துக்கு அழைக்கப்பட்டிருந்த நிறோஜன், பந்தியில் இரண்டு இலை தள்ளி இருந்தான். வீரபாகுவின் முகத்தைப் பார்த்தான், குசினிப் பக்கம் பார்த்தான், விளங்கிக்கொண்டான். சிரிப்பை அடக்க இலையிலிருந்த அப்பளம் முழுவதையும் ஒரே தடவையில் வாய்க்குள் போட்டான்.

லோர்ட் கில்பெரி அந்த வருசத்தோடு கடைகளிலிருந்து மறைந்துபோனார். நிறோஜன் வேறொரு கொம்பனிக்கு மாறி, அடுத்த மாரி மழைக்குப் பிறகு சைக்கிளில் வந்தான். இந்தமுறை விற்க வந்தது தேயிலைப் பக்கற். நேரே வீரபாகுவின் வீட்டுக்குத்தான் வந்தான்.

“அக்கா, ஊருக்குள்ள கொண்டுபோக முதல் நீங்கள் ஒருக்காக் குடிச்சுப் பாருங்கோ. சரியில்லையெண்டால் இப்பவே சொல்லுங்கோ, நான் திரும்பிப் போறன்.”

அமராவதி தண்ணியைக் கொதிக்க வைத்தாள். மூன்று பேரும் முற்றத்தில் குந்தினார்கள். தேயிலை மோசமில்லை. குடித்துக்கொண்டே அமராவதி துரைசாணியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். துரை கொழும்புக்குப் போன நாட்களில் துரைசாணி கிராமபோனைப் போட்டுவிட்டு, சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, குசினிப் பெண்களைக் கையைப் பிடித்து இழுத்துப் பெரிய அறை முழுக்க ஆடுவாளாம். ஆடத் தெரியாது என்றால் விடமாட்டாளாம். அமராவதி எழுந்து, சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, இரண்டு சுற்றுச் சுற்றிக் காட்டினாள்.

வீரபாகு தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தபடி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“இத எனக்கு நீ சொல்லவே இல்லையே!”

“சொல்லியிருந்தா நீங்க தொரசாணிகூட ஆடியிருப்பீங்க” என்றாள் அமராவதி, மூச்சு வாங்க உட்கார்ந்துகொண்டு. நிறோஜனின் கோப்பையை வாங்கி, இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.